நெல் காயவிடும் தளத்துக்கு நான்கு வாசல்: வன்னிச் சங்கங்கள் எந்தக் காசை எப்போது கேட்பது?

தை கடைசியிலிருந்து பங்குனி வரை முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கம் வந்து போனவர்கள் கண்டிருப்பீர்கள். தார் வீதியின் ஒரு பாதியில் நெல் பரவிக் கிடக்கும், மற்றப் பாதியில் வாகனம் போகும். படங்கு உள்ளவர் படங்கில் போடுவார், இல்லாதவர் தாரிலேயே போடுவார். இரவில் அந்த நெல்லுக்குக் காவலாக வீதியோரம் படுப்பவர்களில் பெண்களும் உண்டு. நெல் சந்தைப்படுத்தும் சபைக்குக் கொடுப்பதென்றால் ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேல் போகக்கூடாது. காயவிட இடமில்லாதவர் வெட்டிய அன்றே ஈர நெல்லை வரம்பில் வைத்து வியாபாரிக்குக் கொடுத்துவிடுகிறார். விலையையும் வியாபாரியே சொல்லுவார்.

எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கு வேண்டியிருந்தது ஒரு கொங்கிறீற் தளமும், பக்கத்தில் மூடை அடுக்க ஒரு சின்னக் களஞ்சியமும். முல்லைத்தீவின் ஒட்டுசுட்டானுக்கு உள்ளே இருக்கிறது எங்கள் ஊர். அந்தத் தளத்துக்குக் காசு கேட்டு நான்கு வாசல்களில் ஏறி இறங்கினோம். அந்தக் காலம் முழுக்கச் சங்கத்தின் செயலாளராக இருந்தவள் நான். வேறு ஊர்ச் சங்கங்கள் கேட்டபடியால் அந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதுகிறேன்.

நிதி என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது, "எவ்வளவு தருவினம்?" நானும் அப்படித்தான் தொடங்கினேன். இப்போது முதலில் கேட்பது வேறு: காசு எந்த மாதம் கைக்கு வரும், எந்த மாதத்துக்குள் வேலையை முடிக்கச் சொல்லுவார்கள்? வன்னியில் கொங்கிறீற் போட ஏற்ற காலம் வைகாசியிலிருந்து புரட்டாசி வரைதான். ஐப்பசியில் மழையும் விதைப்பும் ஒன்றாக வரும். கார்த்திகை, மார்கழியில் மணல் ஏற்றிய உழவு இயந்திரம் ஒழுங்கைக்குள் இறங்காது. தையிலிருந்து அறுவடை, ஆள் கிடைக்காது. இந்த நாட்காட்டியோடு ஒத்துப்போகாத காசு எத்தனை இலட்சமாக இருந்தாலும் எங்களுக்குச் சுமைதான்.

பிரதேச செயலகத்தின் ஊடாக வரும் காசு

பெரும்பாலான சங்கங்களுக்குக் கிட்ட இருக்கும் வாசல் இது. கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் கிராம அபிவிருத்தித் திணைக்களத்தில் பதிவானவை. கமக்காரர் அமைப்பு 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் வருவது. சனசமூக நிலையம் பிரதேச சபையோடு. பதிவு இருந்தால் தமிழில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தே கதையைத் தொடங்கலாம். புறொப்போசல் என்று முப்பது பக்கம் வேண்டியதில்லை. கிராம அபிவிருத்தி உத்தியோகத்தர் ஊருக்கே வருவார், எங்களைத் தெரிந்தவர். இப்படி ஊருக்கே வரும் உத்தியோகத்தர் மற்ற மூன்று வாசலிலும் கிடையாது.

ஒரு காலத்தில் இதற்குள்ளேயே பல கிளைகள் இருந்தன. 1974 இல் தொடங்கிய பன்முகப்படுத்தப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில் எம்.பி.மாரின் பரிந்துரையால் சங்கங்களுக்குக் கதிரை, சமையல் பாத்திரம், ஒலிபெருக்கி எல்லாம் கிடைத்தன. அதிலும் ஒரு சிக்கல். முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மூன்றும் வன்னித் தேர்தல் மாவட்டம், ஆனால் கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தோடு சேர்ந்தது. கிளிநொச்சியின் கண்டாவளையில் இருப்பவர் யாரிடம் போய்க் கேட்பது, முல்லைத்தீவின் புதுக்குடியிருப்பில் இருப்பவர் யாரிடம் போய்க் கேட்பது என்பதே வேறு வேறு. மாகாண சபை உறுப்பினர்களின் நிதி என்று இன்னொன்றும் இருந்தது. 2013 இல் தெரிவான வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தபின் அந்த வழியில் போய்க் கேட்க ஆள் இல்லாமல் போயிற்று.

இதன் பலவீனம் மாதக் கணக்கில் இருக்கிறது. அரசின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பர் 31 இல் முடியும். ஒதுக்கீடு, ஒருங்கிணைப்புக் குழு, தொழில்நுட்ப உத்தியோகத்தரின் மதிப்பீடு, ஒப்பந்தம் என்று ஒவ்வொரு படியாக ஏறி வருவதற்குள் வெயில் காலம் போய்விடும். எங்கள் முன்பள்ளிக்கு விறாந்தை கட்டியது இப்படித்தான். கடிதம் கைக்கு வந்தது புரட்டாசி கடைசியில். டிசம்பருக்குள் பில் கொடுக்காவிட்டால் காசு திரும்பிவிடும் என்று சொல்லிவிட்டார்கள். கார்த்திகை மழையில், மேலே தறப்பாள் பிடித்துக்கொண்டு கொங்கிறீற் போட்டோம். அடுத்த வருடமே வெடிப்பு விழுந்தது. வேலை முடிந்து அளந்த பிறகுதான் கொடுப்பனவு என்றபடியால் சீமெந்தும் கம்பியும் ஹாட்வெயார் கடையில் கடன். எங்கள் பொருளாளர் அக்கா தன் காப்பை அடகு வைத்துத்தான் மேசன்மாருக்குக் கூலி கொடுத்தா. பிறகு மீட்டுக் கொடுத்தோம். ஆனாலும் அந்த இரண்டு மாதமும் அவவின் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

ஆகவே இந்த வாசலில் எதைக் கேட்பது என்பதில் நான் தெளிவாக இருக்கிறேன். கிறவல் போடுவது, மதகு, கிணறு திருத்துவது, சங்கத்துக்கு உபகரணம் வாங்குவது: இவற்றைக் கேளுங்கள். சங்கமே ஒப்பந்தம் எடுத்துச் செய்தால் கூலி ஊருக்குள் நிற்கும், மிச்சம் பிடித்தால் சங்க நிதியிலும் கொஞ்சம் சேரும். ஆனால் கையில் சுழல விட முதல் இல்லாத சங்கம் கட்டட வேலையை இந்த வழியில் எடுப்பதை நான் ஒருபோதும் சொல்லமாட்டேன்.

தூதரகங்களின் சிறு நன்கொடை

இதைப் பற்றி ஊரில் உள்ள பெரிய மயக்கம், எல்லாத் தூதரகமும் ஒன்று என்பது. இரண்டை மட்டும் எடுத்துப் பார்ப்போம்.

ஜப்பான் அடிமட்ட அமைப்புகளுக்குக் கொடுக்கும் நன்கொடைத் திட்டத்தின் பெயரிலேயே மனிதப் பாதுகாப்பு என்ற சொல் உண்டு. வடக்கில் மிதிவெடி அகற்றும் அமைப்புகள் பலவற்றுக்கு வருடக் கணக்காக உதவியது இந்தத் திட்டம்தான். எங்கள் வயல்களில் நாங்கள் இன்று பயமில்லாமல் மண்வெட்டி போடுவதில் இந்தக் காசுக்கும் பங்குண்டு. நீண்ட காலம் இதன் உச்ச வரம்பு பொதுவாக ஒரு கோடி யென். கட்டடம், இயந்திரம், வாகனம் மாதிரிக் கண்ணுக்குத் தெரிகிற பொருள்களுக்குத்தான் கொடுப்பார்கள். சம்பளம், எரிபொருள், அன்றாடச் செலவு இவற்றுக்கு இல்லை. ஒவ்வொன்றுக்கும் மூன்று கடையில் கொட்டேசன் எடுக்க வேண்டும், முன் அனுபவம் காட்ட வேண்டும், எழுதிக் கேட்ட பொருளை மாற்றுவதென்றால் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். எங்கள் தளம் ஒன்றுக்கு இது மிகப் பெரிய பாத்திரம். பத்துக் கிராமத்துக் கமக்காரர் அமைப்புகளோ ஒரு பலநோக்குக் கூட்டுறவுச் சங்கமோ சேர்ந்து கேட்டால் பொருந்தும்.

கனடாவின் உள்ளூர் முன்முயற்சி நிதி வேறு மாதிரி. அது கட்டடத்தைவிட ஆட்களோடு செய்யும் வேலையை, அதாவது பெண்களின் உரிமை, சமூகங்களுக்கிடையிலான உறவு, காலநிலை போன்றவற்றை விரும்பும். விண்ணப்பம் ஆங்கிலத்தில் அல்லது பிரெஞ்சில். அவர்களுடைய நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச் 31 இல் முடிவது. அதனால் அந்த வருடக் காசின் வேலை மாசியோடு முடிய வேண்டியிருக்கும். எங்கள் நாட்காட்டியில் வைத்துப் பாருங்கள்: ஒப்பந்தம் விதைப்புக்குச் சற்று முன், கடைசி அறிக்கை அறுவடைக்கு நடுவில்.

இப்படியான கால அட்டவணை என்ன செய்யும் என்பதை ஒருமுறை அனுபவித்தோம். எந்த நாட்டுக் காசு, எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை. மாசி மாதத்தில் மூன்று நாள் பயிற்சி வைத்தார்கள். நாற்பது கதிரை போட்ட இடத்தில் பதினொரு பேர் இருந்தோம். வந்த உத்தியோகத்தர் தங்கச்சி கோபப்படவில்லை, பாவம், அவவுக்கு அழுகை வந்துவிட்டது. "அக்கா, பங்குனிக்குள்ள முடிக்காட்டி எங்களுக்குக் காசு நிண்டுபோகும்" என்றா. வராத இருபத்தொன்பது பேரும் வீதியில் நெல்லைக் கிளறிக்கொண்டு நின்றார்கள். விண்ணப்பம் எழுதும்போதே பயிற்சிகளை ஆவணி, புரட்டாசிக்குள் போட்டுத் தரமுடியுமா என்று நாங்கள் கேட்டிருக்க வேண்டும். கேட்கலாம் என்பதே எங்களுக்கு அப்போது தெரியாது. நீங்கள் கேளுங்கள்.

சுற்றாடலுக்கான சிறு மானியம்

பூகோள சுற்றாடல் வசதி (GEF) என்ற உலக நிதியத்தின் சிறு மானியத் திட்டம் 1992 இல் உலகளவில் தொடங்கியது, இலங்கைக்கு 1994 இல் வந்தது. நடத்துவது ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டம். நீண்ட காலம் ஒரு மானியத்தின் உச்சம் வழமையாக 50,000 அமெரிக்க டொலராக இருந்தது, பெரும்பாலும் அதைவிடக் குறைவாகவே கிடைத்தது. நேரடியாகச் சமூக அமைப்புக்கே கொடுப்பதும், உள்ளூர் மொழியில் எழுதியதையும் ஏற்கும் கொள்கை இருப்பதும் இதன் சிறப்பு. எங்கள் பங்கையும் கேட்பார்கள், ஆனால் அது காசாகத்தான் இருக்க வேண்டுமென்றில்லை. சிரமதானம், இடம், உழவு இயந்திரம் எல்லாவற்றையும் கணக்கில் காட்டலாம். இதற்காகவே சிரமதானத்துக்கு வந்தவர்களின் பெயரும் கையொப்பமும் எடுத்து வைக்கும் பழக்கத்தைத் தொடங்கினோம்.

ஆனால் வெறும் கொங்கிறீற் தளத்துக்கு இங்கே போய் நின்று பயனில்லை. சின்னக் குளத்தின் மேல்காட்டைத் திருப்பி வளர்ப்பது, பாரம்பரிய நெல்லின் விதையைச் சேமிப்பது, யானைக்குத் தேனீப் பெட்டி வேலி, பனை நடுகை: இந்த மாதிரி எண்ணமுள்ள சங்கத்துக்கு நான்கிலும் நல்லது இதுதான் என்பேன். விதை நெல் சேமிப்போடு சேர்த்துக் கேட்டால் களஞ்சியம் அதற்குள் இயல்பாக வரும்.

வெளிநாட்டில் இருக்கும் ஊர்ச் சனம்

சூரிச், ரொறன்ரோ, லண்டன், பாரிஸ். விண்ணப்பப் படிவம் இல்லை, ஒரு வட்ஸ்அப் அழைப்பு போதும். தமிழில் கதைக்கலாம். வீதியில் நெல் காயவிடுவது என்றால் என்னவென்று யாருக்கும் விளங்கப்படுத்த வேண்டியதில்லை, அவர்களும் கிளறியவர்கள்தான்.

மாதக் கணக்கிலும் இதுதான் எங்களுக்குப் பொருந்தியது. அங்கே பள்ளிக்கூட விடுமுறை ஜூலை, ஓகஸ்ட். குடும்பமாக வருவது அப்போதுதான், கோயில் திருவிழாவும் அப்போதுதான், எங்களுக்கு மழையில்லாத காலமும் அதுதான். எங்கள் தளம் ஒரு ஜூலை மாதத்தில் ஒன்பது நாளில் போட்டு முடிந்தது. காசு முன்கூட்டியே வந்தபடியால் கடையில் கடன் இல்லை. இன்றுவரை வெடிப்பு இல்லை.

இதில் காகிதம் இல்லாத குறையைச் சண்டை நிரப்பும். யாருடைய தாயின் நினைவாகக் கல் வைப்பது, எந்தப் பக்கத்து ஆட்கள் கூட்டத்துக்கு அழைக்கப்படவில்லை, அங்கே இரண்டு பேருக்கிடையில் பத்து வருடத்துக்கு முந்திய மனக்கசப்பு இங்கே எங்கள் தளத்தின் மேல் வந்து விழுவது. அடுத்தது, ஒருவரின் தனிக் கணக்குக்குக் காசு வருவது. அதை நாங்கள் மறுத்தோம். "அக்கா, எங்களை நம்பேல்லையோ?" என்று தொலைபேசியில் ஒரு தம்பி மனம் நொந்து கேட்டார். நம்பிக்கை இருக்கிறபடியால்தான் தம்பி, சங்கக் கணக்குக்குப் போடச் சொல்லுறம் என்றேன். தலைவர், செயலாளர், பொருளாளர் பெயரில் உள்ள வங்கிக் கணக்கு, பற்றுச்சீட்டு, பில்லின் படம், ஊர்க் கூட்டத்தில் வாசித்த கணக்கு: இந்த நான்கையும் யாரும் கேட்காமலேயே அனுப்பினோம். முன்பள்ளி ஆசிரியைக்கு மாதம் மாதம் ஏதாவது கொடுக்க, பம்புக்கு மின்சாரப் பில் கட்ட என்று மற்ற மூன்று வாசலும் தொடாத செலவுக்கும் இவர்கள்தான் கைகொடுக்கிறார்கள். அதற்காகவே இந்த உறவை ஒரு கட்டடத்தில் கரைத்துவிடாமல் வைத்திருக்க வேண்டும்.

எல்லா வாசலுக்கும் பொதுவான சாவி

காணி. நான்கிலும் எங்களைத் தடுத்தது இதுதான். வன்னியில் பெரும்பாலான காணி 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் தனிக் குடும்பத்துக்குக் கொடுத்த அனுமதிப்பத்திரக் காணி. நல்ல மனதுள்ள ஒரு ஐயா தன் காணியில் கட்டச் சொல்லுவார். கட்டினால் நாளைக்கு அவர் பிள்ளைகளுடைய காலத்தில் பிரச்சினை. ஊருக்குப் பொது என்று எல்லோரும் நினைத்திருந்த இடத்தில் வன எல்லைக் கல் நிற்கும். இடம்பெயர்வில் பத்திரம் தொலைத்தவர்கள் இன்னும் பிரதி எடுக்க அலைகிறார்கள். நிதி கேட்க முதல், தளம் வரப்போகும் துண்டு பொதுத் தேவைக்கு ஒதுக்கப்பட்டது என்ற கடிதத்தைக் காணிக் கிளையில் எடுத்துவிடுங்கள். எங்களுக்கு இதற்கு மட்டும் ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது. அந்த ஒரு கடிதம் வந்தபின் மற்றதெல்லாம் வேகமாக நடந்தது.

யாப்பு, கூட்டக் குறிப்பேடு, கணக்காய்வு செய்த கணக்கறிக்கை ஆகியவை பற்றி எல்லாப் பயிற்சியிலும் சொல்லுவார்கள், நான் திரும்பச் சொல்லவில்லை. ஒன்று மட்டும்: குறிப்பேட்டில் "நெல் தளம் வேண்டும்" என்று ஊர் தீர்மானித்த திகதி, காசு தருவதாக ஒருவர் சொன்ன திகதிக்கு முந்தியதாக இருக்கட்டும். விண்ணப்பத்தைப் பார்க்கிறவர் தேடுவது அதைத்தான்.

இப்போது எங்களிடம் தளம் இருக்கிறது. அதற்குப் போகும் ஒழுங்கைக்குக் கிறவல் கேட்டுப் பிரதேச செயலகத்தில் கடிதம் கொடுத்திருக்கிறோம். களஞ்சியத்தை விதை நெல்லோடு சேர்த்து எழுதிக்கொண்டிருக்கிறோம். அளவெடுக்கத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வரும் புதன்கிழமை வருவதாகச் சொன்னார். காணிக் கடிதத்தை இரண்டு பிரதி எடுத்துப் பொருளாளர் அக்காவிடம் கொடுத்து வைத்திருக்கிறேன்.