கொசுவலையா, மாத்திரையா, ரொக்கமா: மாசம் நூறு யூரோவை எங்கே போடுவது?

அக்கா மகன் பாரீஸ் பக்கம் சார்செலில் இருக்கிறான். புதுச்சேரியில் பல குடும்பங்களுக்கு இருப்பதுபோல எங்களுக்கும் ஒரு பிரெஞ்சுக் கிளை. போன மாதம் வாட்ஸ்அப்பில் கேட்டான்: "மாமா, மாசம் நூறு யூரோ தனியா எடுத்து வைக்கிறேன். ஏழை நாட்டுல சின்னப் பிள்ளைங்க சாகாம இருக்க அது உதவணும். எதுக்குக் குடுத்தா உருப்படியா இருக்கும்?" அக்கா உடனே கோயில் அன்னதானத்துக்குக் கொடு என்று முடித்துவிட்டாள். எனக்கு அப்படி முடிக்க மனசில்லை. இரண்டு வாரம் உட்கார்ந்து படித்துக் கணக்குப் போட்டேன். நான் டாக்டர் இல்லை. ஆனால் என் அம்மா, அவனுக்கு ஆயா, கடலூர் பக்கக் கிராமங்களில் முப்பது வருஷம் சுகாதார செவிலியராக அலைந்தவர். எழுதியதை எல்லாம் அவரிடம் வாசித்துக் காட்டினேன். அவர் சிரித்த இடங்களை அடித்துவிட்டு மீதியைத்தான் இங்கே போடுகிறேன்.

முதலில் பிரச்சினையின் அளவு. 1990இல் ஐந்து வயதுக்குள் இறந்த குழந்தைகள் உலகம் முழுக்க ஒன்றேகால் கோடிக்கு மேல். 2022இல்தான் முதல்முறையாக அது 50 லட்சத்துக்குக் கீழே வந்தது, 2023இல் 48 லட்சம். இதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவை பிறந்த முதல் மாதத்துக்குள் நடக்கும் சாவுகள். அதற்கு நல்ல பிரசவ அறை, ஆக்சிஜன், பயிற்சி பெற்ற நர்ஸ் எல்லாம் வேண்டும். நூறு யூரோ தனிமனிதன் வாங்கக்கூடிய சாமான்கள் பெரும்பாலும் மீதிப் பாதிக்குத்தான். இதை மனசில் வைத்துக்கொண்டு மேலே படிக்கவும்.

தமிழ்நாட்டில் 1992-93 குடும்பநல ஆய்வின்படி ஆயிரம் பிறப்புக்கு ஏறக்குறைய 87 குழந்தைகள் ஐந்து வயதுக்குள் போய்க்கொண்டிருந்தன. 2019-21 ஆய்வில் அது 22. நைஜீரியாவில் இன்னும் நூறுக்கு மேல். அப்படியென்றால் என் அம்மா வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது நாம் நின்ற இடத்துக்கே அவர்கள் இன்னும் வந்து சேரவில்லை. வெளிநாட்டு உதவி என்றால் நமக்கு ஏதோ தூரத்துச் சமாச்சாரம் என்று நினைப்பவர்களுக்கு இன்னொன்று: 1980களில் டென்மார்க் அரசின் பணம் சேலம், தென்னாற்காடு இரண்டு மாவட்டங்களின் கிராம சுகாதாரத்துக்கு வந்தது. தென்னாற்காட்டின் தலைநகர் கடலூர்தான். அம்மா 'டேனிடா' என்று இன்றைக்கும் ஏதோ சொந்தக்காரர் பெயரைப்போலச் சொல்வார்.

சரி, போட்டிக்கு வருவோம். பெரிய சண்டை கொசுவலைக்கும் மழைக்கால மாத்திரைக்கும். இரண்டும் மலேரியாவுக்குத்தான். 2023இல் மலேரியாவில் இறந்தவர்கள் சுமார் 5,97,000 பேர். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து ஆப்பிரிக்காவில், அங்கே இறந்தவர்களில் முக்கால்வாசி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள்.

மருந்து தோய்த்த கொசுவலை சுமார் இரண்டு டாலர், கிராமத்தில் கொண்டுபோய்க் கொடுக்கும் செலவெல்லாம் சேர்த்தால் ஐந்து டாலர் பக்கம் வரும். ஒரு வலைக்குள் இரண்டு பேர் படுக்கலாம், மூன்று வருஷம் உழைக்கும் என்பது கணக்கு, அதற்கு முன்பே கிழிவதும் உண்டு. சாதனை என்று பார்த்தால் இதற்கு இணை கிடையாது: 2000 முதல் 2015 வரை ஆப்பிரிக்காவில் தவிர்க்கப்பட்ட மலேரியாக் காய்ச்சல்களில் மூன்றில் இரண்டு பங்கு வலையால்தான் என்று 2015இல் நேச்சர் இதழில் ஒரு கணக்கு வந்தது. அகெய்ன்ஸ்ட் மலேரியா ஃபவுண்டேஷன் என்ற லண்டன் அமைப்பு இதை மட்டுமே செய்கிறது, கொடுத்த பிறகு மாதிரிக்குச் சில வீடுகளில் வலை தொங்குகிறதா என்றும் பார்க்க வைக்கிறது.

தொங்குகிறதா என்பதுதான் கேள்வியே. சுனாமிக்கு அடுத்த வருஷம் கடற்கரையோரம் தார் ஷீட் கொட்டகைகளில் ஜனங்களை வைத்திருந்தபோது யாரோ கொசுவலை கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து இறக்கினார்கள், மருந்து தோய்க்காத சாதா வலை. ஒரு வாரம் கழித்து அம்மா மத்தியானத்தில் போய்ப் பார்த்தால் கொட்டகைக்குள் ஒன்றுகூட இல்லை. வெளியே மணலில் சாக்கு விரித்துக் கருவாடு காயப்போட்டு, அதன்மேல் வலையை இழுத்து நாலு மூலையிலும் கல் வைத்திருந்தார்கள். ஈ உட்காரவில்லை, காக்காய் கொத்தவில்லை, அருமையான உபயோகம். ஏம்மா இப்படி என்று கேட்டதற்கு ஒரு பாட்டி சொன்னாராம்: "அந்த சீட்டுக் கொட்டாய்க்குள்ள வலையும் கட்டுனா வெந்துடுவோம் நர்சம்மா. நாங்க கடக்காத்துல படுத்துக்குறோம், கருவாடு எங்க படுக்கும்?"

இதை வைத்து வலையே வேஸ்ட் என்று சொல்ல வரவில்லை. ஆப்பிரிக்காவில் கொசுவலையில் மீன் பிடிக்கிறார்கள் என்ற செய்தி உண்மைதான், ஆனால் பெரும்பாலான வலைகள் படுக்கைக்கு மேலேதான் தொங்குகின்றன. உண்மையான தலைவலி வேறு. கொசு பழைய மருந்துக்குப் பழகிவிட்டது. அதனால்தான் இரண்டு மருந்து சேர்த்த புது வலைகளை 2023இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது, அவற்றின் விலையும் கொஞ்சம் கூட. புதுச்சேரிக்காரர்களுக்கு இது புரியும். நம் இந்திரா நகரில் கொசுவுக்கென்றே ஒரு மத்திய அரசு ஆராய்ச்சி மையம் 1975இலிருந்து இருக்கிறது, கொசுவின் வேலை இன்னும் முடியவில்லை, அவர்களுடைய வேலையும் முடியவில்லை.

அடுத்தது மாத்திரை. சஹாரா பாலைவனத்துக்குத் தெற்கே இருக்கும் நாடுகளில், புர்கினா ஃபாசோ, சாட், வட நைஜீரியா மாதிரி இடங்களில், மலேரியா வருஷம் பூராவும் ஒரே சீராக வருவதில்லை. நமக்கு ஐப்பசி கார்த்திகைபோல அவர்களுக்கு ஒரு மழைக்காலம், அந்த நாலைந்து மாதத்தில்தான் பிள்ளைகள் கொத்தாகச் சாகின்றன. ஆகவே மூன்று மாதக் குழந்தையிலிருந்து ஐந்து வயதுக்குள் இருக்கும் எல்லாருக்கும், காய்ச்சல் இருக்கிறதோ இல்லையோ, அந்த மாதங்களில் மாதம் ஒரு முறை மூன்று நாள் மருந்து. முதல் நாள் இரண்டு மருந்து, அடுத்த இரண்டு நாளும் ஒன்று. 2012இல் உலக சுகாதார நிறுவனம் இதை ஏற்றது. ஒழுங்காகச் சாப்பிட்டால் மலேரியாக் காய்ச்சல் நான்கில் மூன்று பங்கு குறையும் என்று சோதனைகள் காட்டின. ஒரு பிள்ளைக்கு ஒரு மழைக்காலத்துக்குச் சுமார் ஏழு டாலர். 2023இல் ஐந்து கோடிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்குப் போயிருக்கிறது. மலேரியா கன்சார்ட்டியம் என்ற அமைப்பு இதில் பெயர்போனது.

வலையா மாத்திரையா என்றால்? ஒரு விஷயத்தில் வலைதான் உசத்தி: கொடுத்துவிட்டால் அடுத்த வருஷம் பணம் நின்றாலும் அது வீட்டில் இருக்கும். மாத்திரைக்கு ஒவ்வொரு மழைக்கும் பணம் வரவேண்டும், ஆள் வரவேண்டும். ஆனால் அதே காரணத்துக்காகத்தான் எனக்கு மாத்திரை பிடித்திருக்கிறது. மழைக்காலத்தில் நாலைந்து தடவை ஒருவர் அந்த வாசலுக்குப் போகிறார், பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், வாயில் ஊற்றுகிறார், கார்டில் குறிக்கிறார். அதோடு வலைக்குக் குளோபல் ஃபண்ட் என்ற பன்னாட்டு நிதியம் போன்ற பெரிய கைகள் உண்டு.

வைட்டமின் ஏ கதை நம் ஊர்க் கதை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1986இல் இந்தோனேசியாவின் ஆச்சே பகுதியில் ஆல்ஃப்ரெட் சோமர் என்ற அமெரிக்கக் கண் மருத்துவரின் குழு ஆறு மாதத்துக்கு ஒரு கேப்ஸ்யூல் கொடுத்துப் பிள்ளைச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்றபோது பலர் நம்பவில்லை. 1990இல் மதுரையிலிருந்து ஒரு குழு திருச்சி மாவட்டத்தில் 15,000 பிள்ளைகளுக்கு மேல் வைத்துச் சோதித்தது, இங்கே வாராவாரம் சின்ன அளவில். சாவு பாதிக்கு மேல், 54 சதவீதம், குறைந்தது. வாராவாரம் ஆள் போனதால்தானே குறைந்திருக்கும் என்று கேட்கலாம். அம்மாவும் அதைத்தான் கேட்டார். வைட்டமின் ஏ பெறாத பிள்ளைகளின் வீட்டுக்கும் அதே ஆள் வாராவாரம் போனார், ஆகவே அந்த வித்தியாசம் மருந்தினால் வந்ததுதான்.

பிறகு உத்தரப்பிரதேசத்தில் பத்து லட்சம் பிள்ளைகள், அங்கன்வாடி வழியாக ஆறு மாதத்துக்கு ஒன்று. முடிவு 2013இல் வெளிவந்தது: சாவு குறைந்தது 4 சதவீதம், அதாவது குறைந்தது என்றே உறுதியாகச் சொல்ல முடியாத அளவு. கேப்ஸ்யூல் உண்மையிலேயே பிள்ளை வாய்க்குப் போனதா என்று சோமர் உட்பட பலர் கேட்டார்கள், நடத்தியவர்கள் போனது என்றார்கள், சண்டை இன்னும் தீரவில்லை. எல்லாச் சோதனைகளையும் சேர்த்துப் பார்த்த 2017 காக்ரேன் (மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து அலசும் அமைப்பு) அலசலில் சராசரி 12 சதவீதம் குறைவு. ஒரு முறைக்கு ஒன்றிரண்டு டாலர் ஆகும் சாமானுக்கு இதுவே பெரிய விஷயம், அந்த ஊரில் பற்றாக்குறை இருந்தால். இங்கே கேரட்டும் முருங்கைக்கீரையும் தின்று வளரும் பிள்ளைக்கு அது அவ்வளவு செய்யாது. அம்மாவின் பையில் அந்த மஞ்சள் சிரப் பாட்டிலும் ஒரு மில்லி கோடு போட்ட ஸ்பூனும் எப்போதும் இருக்கும். ஒன்பது மாதப் பிள்ளைக்கு அந்தக் கோடு வரை, பெரிய பிள்ளைக்கு முழு ஸ்பூன், அப்புறம் உதடு மஞ்சளான பிள்ளை முகம் சுளிக்கும்.

தடுப்பூசியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1974இலிருந்து ஐம்பது வருஷத்தில் 15 கோடிக்கு மேல் உயிர்கள் தப்பியிருக்கின்றன, அதில் பெரும்பங்கு தட்டம்மை ஊசியால். ஏழை நாடுகளுக்கு ஊசியின் விலையில் பெரும்பகுதியைக் காவி (Gavi) என்ற பன்னாட்டுக் கூட்டமைப்பு 2000இலிருந்து பார்த்துக்கொள்கிறது. புனே சீரம் நிறுவனம் தயாரிக்கும் ஆர்21 மலேரியா ஊசிகூட ஒரு டோஸ் நாலு டாலருக்குள்தான். தனிமனிதன் பணத்துக்கு இடம் இருப்பது வேறொரு முனையில்: வட நைஜீரியாவில் நியூ இன்சென்டிவ்ஸ் என்ற அமைப்பு, பிள்ளையை ஊசிக்குக் கூட்டிவரும் அம்மாவின் கையில் ஒவ்வொரு முறையும் சின்னத் தொகை கொடுக்கிறது. லஞ்சம் கொடுத்து ஊசியா என்று முகம் சுளிப்பவர்கள் நம் மகப்பேறு நிதியை நினைத்துக்கொள்ளுங்கள், ஊசி முடித்தால்தானே அதன் கடைசித் தவணை வருகிறது. அம்மா சொன்னது: "பஸ்ஸுக்குக் காசு, ஒருநாள் கூலி போச்சு. அத குடுத்தா வருவா. இல்லன்னா அடுத்த வாரம்பா, அந்த அடுத்த வாரம் வரவே வராது."

அப்படியானால் மொத்தமாகவே ரொக்கமாகக் கொடுத்துவிட்டால்? கென்யாவின் சியாயா பகுதியில் கிவ்டைரக்ட்லி அமைப்பு பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு ஆளுக்கு ஆயிரம் டாலர் கொடுத்ததை வைத்து 2025இல் ஓர் ஆய்வு வந்தது. ஒரு வயதுக்குள் சாவு ஆயிரத்துக்கு 40 இருந்தது 21 ஆகிவிட்டது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் பெண்கள் கடின வேலையைக் குறைத்தார்கள், ஆஸ்பத்திரிப் பிரசவம் கூடியது. டாக்டர் இருக்கும் ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்த வீடுகளில் பலன் இன்னும் அதிகம். ரொம்ப முக்கியமான விஷயம், ஏனென்றால் இது அந்த முதல் மாதச் சாவைத் தொடுகிறது. ஆனால் கணக்கைப் பாருங்கள்: பிரசவம் நெருங்கிய ஆயிரம் வீட்டைப் பொறுக்கி எடுத்துக் கொடுத்தாலே பத்து லட்சம் டாலர், தப்பிப்பது 19 பிள்ளைகள், ஒரு உயிருக்கு ஐம்பதாயிரம் டாலருக்கு மேல். வலை, மாத்திரை, வைட்டமின் வகையறாவுக்கு, தொண்டு அமைப்புகளை எடைபோடும் கிவ்வெல் என்ற அமைப்பு ஒரு உயிருக்குப் போடும் கணக்கு 3,000 முதல் 5,500 டாலர், நம் காசில் சில லட்சம். ரொக்கம் கூரையும் போடும், ஆடும் வாங்கும், அதெல்லாம் லாபம்தான். ஆனால் மருமகன் கேட்டது பிள்ளைச் சாவைப் பற்றி.

வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு சர்க்கரைக் கரைசலை (ஓஆர்எஸ்) நான் முதலிடத்தில் வைத்திருந்தேன். 1971இல் வங்கதேச அகதிகள் பன்காவ் முகாமில் காலராவில் செத்துக்கொண்டிருந்தபோது திலீப் மஹலனாபிஸ் என்ற டாக்டர் ஊசி வழி ஏற்றும் பாட்டில் தீர்ந்துபோய், உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை டிரம்மில் வைத்துக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பதாக இருந்த சாவு நாலுக்குக் கீழே வந்தது. சில ரூபாய் பாக்கெட். ஆனாலும் வயிற்றுப்போக்கில் இன்றும் வருஷத்துக்கு நாலு லட்சத்துக்கு மேல் பிள்ளைகள் போகின்றன. கடையில் பாக்கெட் இருக்கும், அதைக் கரைத்துக் கொடுக்கச் சொல்ல ஆள் இருக்காது. இங்கேயே பாருங்களேன், பழரசப் பாக்கெட்டில் ஓஆர்எஸ் என்று போட்டு விற்றதை 2025 அக்டோபரில்தான் தடை செய்தார்கள். இதில் பாக்கெட் வாங்கிக் கொடுப்பதற்கு என்று பணம் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

இவ்வளவும் சில்லறை. 1961இல் தொடங்கிய யுஎஸ்எய்ட் என்ற தன் வெளிநாட்டு உதவி அமைப்பை 2025 ஜூலையில் அமெரிக்கா மூடிவிட்டது. காவிக்கும் இனிப் பணம் இல்லை என்றது. இந்த வெட்டுகள் தொடர்ந்தால் 2030க்குள் ஐந்து வயதுக்குட்பட்ட 45 லட்சம் பிள்ளைகள் கூடுதலாக இறக்கலாம் என்று லான்செட் இதழில் ஒரு கணிப்பு வந்தது. சார்செலிலிருந்து போகும் நூறு யூரோ அதை அடைக்காது. மருமகனிடம் இதை ஒளிக்கவில்லை. அவன் அங்கே ஓட்டுப் போடுகிறவன், அதுவும் ஒரு காசுதான் என்றேன்.

கடைசியில் நான் சொன்னது: அறுபது யூரோ மழைக்கால மாத்திரைக்கு, நாற்பது ஊசிக்கு வரும் அம்மாக்களுக்கு. மூன்று நாலு வருஷத்துக்கு ஒரு பிள்ளை என்று கணக்கு வரும், எந்தப் பிள்ளை என்று ஒருநாளும் தெரியாது. அவன் சரி என்றுவிட்டான். அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். மாத்திரைப் பத்தியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மொத நாளு ஆளு வந்து குடுக்குது. ரெண்டாம் நாளு, மூணாம் நாளு?"

"அம்மாக்காரி வீட்டுல குடுக்கணும். கார்டுல குறிச்சுக்குவாங்களாம்."

"கார்டா," என்றார். கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். "எங்கிட்ட குறிக்காத கார்டே இருந்ததில்ல. அவன அதக் கேட்டுட்டு அப்புறம் பணம் கட்டச் சொல்லு."

மருமகன் அந்த அமைப்புக்கு மெயில் போட்டிருக்கிறான்.