ஏடெம் மினி புரோ: நம்ம கடற்கரை லைவுக்குத் தாங்குமா?

வேர்க்காடு சந்தியாகப்பர் திருவிழா, ஏர்வாடி சந்தனக்கூடு, கீழக்கரைக் கல்யாணம் என்று லைவ் ஆர்டர் பிடிக்கிறவர்கள் முதலில் விலை விசாரிப்பது பிளாக்மேஜிக்கின் இந்த ஸ்விட்சரைத்தான் (பல கேமராப் படங்களை மாற்றி மாற்றிக் காட்டும் பெட்டி). 2020-ல் வந்தது. நாலு எச்டிஎம்ஐ உள்ளீடு. யூடியூப்புக்கு லேன் வழியே தானே அனுப்பும், யூஎஸ்பி டிஸ்கில் ரெக்கார்டும் செய்யும். லேப்டாப் நடுவில் தொங்கிவிடுமோ என்ற பயம் இல்லை. இந்த வரைக்கும் காசுக்குத் தகுந்த பெட்டி.

இடிப்பது வெளியீட்டில். எச்டிஎம்ஐ அவுட் ஒன்றே ஒன்று. அதில் மல்டிவியூ (எல்லாக் கேமராவும் ஒரே திரையில்) பார்த்தால் எல்இடி வாலுக்கு, அதாவது கூட்டம் பார்க்கும் பெரிய திரைக்குக் கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை. யூஎஸ்பி வழியே லேப்டாப்புக்கு எடுத்து வாலுக்குக் கொடுக்கலாம். ஆனால் அந்த ஒரே யூஎஸ்பியில்தானே டிஸ்க்கும் மாட்டணும்? ஆக ரெக்கார்டிங் போச்சு. வாலும் கேட்கிற பார்ட்டிகள் அதிகம் என்றால் இரண்டு அவுட், இரண்டு யூஎஸ்பி உள்ள ஏடெம் மினி எக்ஸ்ட்ரீமுக்கே போய்விடுங்கள்.

அடுத்தது கேபிள். சாதா எச்டிஎம்ஐ 10 மீட்டருக்கு மேல் நம்பக்கூடாது. படம் விட்டுவிட்டு வரும், எந்த நேரத்தில் என்று சொல்லவும் முடியாது. தேர் பவனிக்கு மாடியில் ஒரு கேமரா, வாசலில் ஒன்று என்றால் இரு முனையிலும் எஸ்டிஐ (நீளக் கேபிளிலும் படம் கொண்டுபோகும் முறை) கன்வெர்ட்டர் போடுங்கள். அதற்கும் தனியே பவர் வேண்டும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

வெளியீட்டு ஃபார்மேட்டை மென்பொருளில் 1080பி50 என்று கையால் வைத்துவிடுங்கள். விட்டால் முதலில் மாட்டிய கேமராவைப் பார்த்து அதுவே முடிவு செய்துகொள்ளும். கேமராவில் ஷட்டர் 1/50 அல்லது 1/100. இல்லையென்றால் சீரியல் செட்டும் டியூப்லைட்டும் துடிக்கும்.

மைக்செட்காரர் தருவது லைன் லெவல், மைக் தருவதைவிடப் பலமான சிக்னல். பெட்டியில் அந்த உள்ளீடு 'மைக்' என்று இருந்தால் பூசைப் பாட்டு கரகரவென்று உடையும். 'லைன்' என்று மாற்றுங்கள். அவர் ஜெனரேட்டரிலும் நீங்கள் மண்டபக் கரண்டிலும் இருந்தால் 'ம்ம்' என்று ஓர் இரைச்சல் ஏறும். நடுவில் ஆடியோ ஐசோலேட்டர் (இரு பக்க எர்த்தைப் பிரிக்கும் சின்னப் பெட்டி) போட்டால் அடங்கும்.

பெட்டிக்குள் பேட்டரி கிடையாது. கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும் இடைவெளியில் லைவ் அறுந்துவிடும். சின்ன யூபிஎஸ் போதும், பெட்டியையும் ரூட்டரையும் அதில் சேர்த்து மாட்டணும்.

அப்லோடு வேகத்தை மதியம் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். சந்தனக்கூடு வரும் நேரத்தில் ஊர்க்கூட்டம் முழுக்க அதே டவரில்தான் இருக்கும். லைவ் அனுப்பும் வேகத்தை 6 எம்பிபிஎஸ் வைத்தால் மணிக்கு 2.7 ஜிபி டேட்டா போகும். கூட்ட நாளில் 3-க்கு இறக்கிவிடுங்கள், துண்டிக்காமல் போகிற மங்கலான படமே மேல்.

கச்சான் காற்று அடிக்கிற ஆடியில் ஸ்டாண்டுக்கு மணல் மூட்டை கட்டாமல் நிமிராதீர்கள். லென்ஸில் படியும் உப்பை உலர்துணியால் தேய்த்தால் கோடு விழும். முதலில் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். எச்டிஎம்ஐ முனைகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே சிலிக்கா ஜெல்லோடு பைக்குள் வையுங்கள்.