பிடிஓ விண்ணப்பத்துக்கு முன் திறக்க வேண்டிய இரண்டு தளங்கள்

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு வாங்கப் போகிறவர்களுக்கு அரசாங்கம் இரண்டு இணையச் சேவைகளை இலவசமாகத் தருகிறது. ஒன்று வீவகவின் ‘ஃபிளாட் போர்ட்டல்’. 2021 ஜனவரியில் தொடங்கியது. அரசாங்க மின் அடையாளமான சிங்பாஸ் வழியாக இதற்குள் நுழையாமல் பிடிஓ வீட்டுக்கு (விண்ணப்பங்களைப் பெற்றபின் கட்டித் தரும் புது வீவக வீடு) விண்ணப்பிக்கவே முடியாது. மற்றொன்று நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் ‘யூஆர்ஏ ஸ்பேஸ்’ வரைபடம். எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்று வகுக்கும் பெருந்திட்டத்தைப் பார்க்க அதில் பதிவு கூடத் தேவையில்லை. முதல் தளம் வீட்டைக் காட்டி விற்கிறது. அந்த வீட்டுச் சன்னலுக்கு எதிரே பத்தாண்டு கழித்து என்ன எழும்பும் என்பதை இரண்டாவதுதான் சொல்கிறது. ஆகவே வரைபடத்தை முதலில் பார்த்துவிட்டு, அதன்பின் போர்ட்டலுக்குப் போவதுதான் சரியான வரிசை. பெரும்பாலும் நடப்பது இதற்கு நேர்மாறு.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளலாம். வேறு ஊர்களில் மாநகராட்சி உறுப்பினர்கள் கூடி வாக்களித்து நிலப் பயன்பாட்டை மாற்றுவார்கள். இங்கே அப்படி ஒரு மன்றம் இல்லை. நமக்குத் தெரிந்த நகர மன்றம் மின்தூக்கி, தாழ்வாரம், துப்புரவு போன்றவற்றைக் கவனிக்கிறது. எதிர் மனையில் என்ன கட்டலாம் என்று அதனிடம் போய்க் கேட்டுப் பயனில்லை. அந்த முடிவு பெருந்திட்டத்தில் இருக்கிறது. 1958இல் முதல் பெருந்திட்டம் வந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு நடக்கிறது. நிலத்தைத் திட்டமிடும் ஆணையமும் வீடு கட்டும் கழகமும் ஒரே தேசிய வளர்ச்சி அமைச்சின் கீழ்தான் உள்ளன. 2025 ஜூன் 25 அன்று பொதுமக்கள் பார்வைக்கு வைத்த பெருந்திட்ட வரைவில், அடுத்த 10 முதல் 15 ஆண்டுகளில் பத்துக்கும் மேற்பட்ட புதிய வட்டாரங்களில் குறைந்தது 80,000 வீடுகள் என்று சொன்னார்கள். அதில் வீவக வீடும் உண்டு, தனியார் வீடும் உண்டு. இந்தக் கணக்கைப் பேசுகிறவர்கள் அதை அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

வரைபடத்தைப் பயன்படுத்துவது எளிது. படித்துப் புரிந்துகொள்வதுதான் கடினம். அஞ்சல் குறியீட்டை இட்டுத் தேடி, ஒரு மனையைத் தொட்டால் இரண்டு விவரம் வரும்: நிலப் பயன்பாடு, ஜிபிஆர். ஜிபிஆர் என்பது நிலப்பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற எண். 10,000 சதுர மீட்டர் மனையில் 2.8 என்றிருந்தால் எல்லா மாடிகளையும் சேர்த்து 28,000 சதுர மீட்டர் கட்டலாம். தனியார் அடுக்குமாடிகளுக்கு ஆணையத்தின் வழிகாட்டி இந்த எண்ணை மாடிக் கணக்கோடு இணைக்கிறது: 1.4 என்றால் 5 மாடி, 1.6 என்றால் 12, 2.1 என்றால் 24, 2.8 என்றால் 36. எட்டாவது மாடியில் “தடையில்லாத காட்சி” என்று மகிழ்வதற்கு முன் எதிர் மனையின் எண்ணைப் பார்த்துவிட வேண்டும். 1.4 என்றால் நிம்மதி. 2.8 என்றால், இன்று அங்கே புல்தான் முளைத்திருக்கிறது என்பதற்கு ஒரு பொருளும் இல்லை.

நிறங்களில் ஏமாற்றுவது மஞ்சள். அது ‘ரிசர்வ் சைட்’, அதாவது என்ன பயன்பாடு என்று இன்னும் முடிவாகாத நிலம். அதைக் காலி நிலம், பூங்காவாகிவிடும் என்று எடுத்துக்கொள்வது பெருந்தவறு. பூங்கா என்றால் பச்சையில்தான் இருக்கும். நீலம் வணிகம், ஊதா தொழிற்பேட்டை. பயன்பாட்டோடு ‘விரிவான திட்டமிடலுக்கு உட்பட்டது’ என்ற சொற்களும் இருந்தால், வகை முடிவாகிவிட்டது, அளவு முடிவாகவில்லை என்று பொருள்.

டோவர் காட்டை நினைத்துப் பாருங்கள். 33 ஹெக்டர் அளவுள்ள அந்த இடம் 2003 முதலே வரைபடத்தில் குடியிருப்பு நிலம். மரங்கள் அடர்ந்து கிடந்ததால் அக்கம்பக்கத்தார் அதைக் காடு என்றே நினைத்திருந்தார்கள். வீவக அங்கே கட்டப் போவதாக 2020 இறுதியில் ஆய்வறிக்கை வெளிவந்த பிறகுதான் எதிர்ப்பு கிளம்பியது. 2021 ஜூலையில் ஒரு நடுவழி முடிவு வந்தது: கிழக்குப் பாதியில் வீடுகள், மேற்குப் பாதியைச் சுமார் பத்தாண்டுக்குத் தொடுவதில்லை. குரல் கொடுத்ததற்குப் பலன் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் செயற்கைக்கோள் படத்தில் பச்சையாக இருப்பது பெருந்திட்டத்தில் பச்சையாக இருக்க வேண்டும் என்றில்லை. வீடு வாங்குகிறவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பெருந்திட்டத்தில் தனி மனைகளுக்குத் திருத்தம் வரும்போதும் முன்மொழிவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கிறார்கள். கருத்துச் சொல்ல இரண்டு வார அவகாசம் என்பது வழக்கம். கண்ணில் பட்டால்தானே கருத்துச் சொல்ல முடியும்! வரைபடத்தில் திருத்தங்களுக்கான அடுக்கைத் தனியாகத் திறந்து பார்க்க வேண்டும்.

வரைபடத்தின் குறைகளும் கொஞ்சநஞ்சமல்ல. வீவக வளாகத்துக்குள் வரும் அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடம் தனியாகத் தெரியாது. அதுவும் குடியிருப்பு நிறத்துக்குள் அடங்கிவிடும். பள்ளிக்கு ஒதுக்கிய மனையில் பள்ளி எப்போது வரும் என்ற தேதி இருக்காது, வராமலே கிடக்கவும் கூடும். விளக்கம் முழுக்க ஆங்கிலம். கைப்பேசியில் பார்த்தால் எரிச்சல்தான் மிஞ்சும், கணினியில் பாருங்கள்.

இனி ஃபிளாட் போர்ட்டல். இதன் வாசல் ஹெச்எஃப்இ கடிதம். 2023 மே 9 முதல் நடப்பில் உள்ள இந்த ஒரே கடிதம், வீடு வாங்கும் தகுதி, மானியத் தொகை, வீவக கடன் தொகை மூன்றையும் சொல்கிறது. முன்பு தனித்தனியாக அலைந்ததை ஒன்றாக்கியது நல்ல காரியம். இரண்டு படிகள் உண்டு. முதலில் பூர்வாங்கச் சரிபார்ப்பு; விவரங்களை நிரப்பியதும் முடிவு வந்துவிடும். அதிலிருந்து 30 நாளுக்குள் முழு விண்ணப்பத்தை அனுப்ப வேண்டும். ஆவணங்கள் எல்லாம் சேர்ந்த பிறகு 21 வேலை நாள்கள் ஆகலாம், விற்பனை நெருங்கும் மாதங்களில் இன்னும் கூடலாம். பிடிஓ விண்ணப்பமோ ஏறத்தாழ ஒரு வாரம்தான் திறந்திருக்கும். விற்பனை தொடங்கிய பிறகு கடிதத்துக்கு விண்ணப்பிப்பது, பேருந்து கிளம்பியபின் ஈஸிலிங்க் பயண அட்டையைத் தேடுவது போல.

கடிதம் தாமதமாவதற்கு வழக்கமான காரணங்கள் மூன்று. விண்ணப்பத்தில் உள்ள மற்றவர்களும் தங்கள் சிங்பாஸில் நுழைந்து ஒப்புதல் தர வேண்டும். அம்மா அப்பாவைச் சேர்த்திருந்தால் இது அப்படியே கிடப்பில் கிடக்கும். சொந்தத் தொழில் செய்வோர், தரகுப்பணம் வாங்குவோர் ஆகியோரின் வருமானத்துக்குக் கூடுதல் ஆவணம் வேண்டும். மூன்றாவது, வேலை மாற்றம். மேம்படுத்தப்பட்ட மசேநி (மத்திய சேம நிதி) வீட்டு மானியம் குடும்பங்களுக்கு அதிகபட்சம் 120,000 வெள்ளி. மாத வருமானம் 9,000 வெள்ளிக்கு மேல் போகக்கூடாது. தம்பதியரில் ஒருவராவது முந்தைய 12 மாதம் தொடர்ந்து வேலை செய்திருக்க வேண்டும், விண்ணப்பிக்கும்போதும் வேலையில் இருக்க வேண்டும். ‘கடிதம் கைக்கு வரட்டும், பிறகு ராஜினாமா செய்யலாம்’ என்பது கேட்க வேடிக்கை, கணக்கில் சரி.

கடன் கணக்கில் 2024 ஆகஸ்டு 20 முதல் ஒரு மாற்றம். வீவக கடன் இப்போது வீட்டு விலையில் 75 விழுக்காடு வரைதான். 400,000 வெள்ளி வீடு என்றால் கடன் 300,000. மீதி 100,000 மசேநியிலிருந்தோ ரொக்கமாகவோ வர வேண்டும், மானியம் கிடைத்தால் அதிலிருந்தும் கழியும். 2.6 விழுக்காடு வட்டியில் 25 ஆண்டுக்குத் தவணை மாதம் ஏறத்தாழ 1,361 வெள்ளி. தவணை மாத வருமானத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. போர்ட்டலில் உள்ள கணிப்பான் இதையெல்லாம் ஒழுங்காகப் போட்டுத் தருகிறது.

அடுத்து, வீடுகளின் புதிய வகைப்பாடு. 2024 அக்டோபர் விற்பனையிலிருந்து, இடத்தின் மதிப்பைப் பொறுத்து ஸ்டாண்டர்ட், பிளஸ், பிரைம் என மூன்று. ஸ்டாண்டர்டில் குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் (விற்கும் முன் குடியிருக்க வேண்டிய காலம்) 5 ஆண்டு, மற்ற இரண்டிலும் 10. பிளஸ், பிரைம் வீட்டை முழுதாக வாடகைக்கு விடவே முடியாது, 10 ஆண்டுக்குப் பிறகும் கூட, அறைகளை விடலாம். விற்கும்போது இவ்விரு வகைக்கும் கிடைத்த கூடுதல் மானியத்தை ஒரு விழுக்காட்டுக் கணக்கில் திருப்பித் தர வேண்டும். பிரைம் வகையின் முன்னோடி 2021 நவம்பரில் ரோச்சோரில் விற்பனைக்கு வந்த ரிவர் பீக்ஸ். தேக்காவிலிருந்து நடந்து போகும் தூரம். நாலறை வீடு 582,000 முதல் 688,000 வெள்ளி வரை. திருப்பித் தர வேண்டியது 6 விழுக்காடு. இந்த விழுக்காட்டை வாங்கிய விலைக்கோ கிடைத்த லாபத்துக்கோ கணக்கிடுவதில்லை. விற்கும் விலை, மதிப்பீடு இரண்டில் எது அதிகமோ அதற்கு. பத்து லட்சம் வெள்ளிக்கு விற்றால் 60,000 போய்விடும். அதோடு, அந்த வீட்டை மறுவிற்பனையில் வாங்கும் குடும்பத்துக்கும் 14,000 வெள்ளி வருமான உச்சவரம்பு உண்டு. வாங்க வருவோர் வட்டம் அங்கேயே சுருங்கிவிடுகிறது. நகர மையத்தில் எளியவர்களும் வாழ இது நியாயமான ஏற்பாடுதான். ‘லாட்டரி வீடு’ என்று நினைத்து விண்ணப்பிப்போருக்கு மட்டும் கசக்கும்.

பிடிஓ விண்ணப்பதாரர்களின் முறையைத் தீர்மானிக்கும் குலுக்கலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கட்டணம் 10 வெள்ளி, திரும்ப வராது. முதல் நாள் விண்ணப்பித்தாலும் கடைசி நாள் விண்ணப்பித்தாலும் வாய்ப்பு ஒன்றே. விண்ணப்ப விகிதத்தைப் பார்த்துவிட்டுப் பொறுமையாகச் செய்யலாம். ஆனால் முறை வந்து அழைக்கும்போது வீடு எடுக்காமல் விடுவது இப்போது ஆபத்து. முதன்முறை வாங்குவோர் ஒருமுறை விட்டாலே ஓராண்டுக்கு இரண்டாம் முறை வாங்குவோராகக் கருதப்படுவார்கள். தேர்ந்தெடுக்கப் பத்து வீடுகளோ அதற்கும் குறைவாகவோ மிஞ்சியிருந்தால் விலக்கு உண்டு. எடுத்தால் முன்பதிவுக் கட்டணம் மூவறைக்கு 1,000 வெள்ளி, நாலறைக்கும் அதற்கு மேலும் 2,000.

தமிழ்க் குடும்பங்கள் போர்ட்டலில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டியது இன ஒதுக்கீட்டு எண்ணிக்கை. ஒவ்வோர் இனத்தவரும் எத்தனை விழுக்காடு வீடுகள் வைத்திருக்கலாம் என்று வரம்பு வைக்கும் இன ஒருங்கிணைப்புக் கொள்கை 1989 மார்ச்சில் வந்தது. இந்தியர் மற்றும் பிற இனத்தவருக்கான உச்சவரம்பு அக்கம்பக்க வட்டாரத்தில் 12 விழுக்காடு, ஒரு புளோக்கில் (அடுக்குமாடிக் கட்டடத்தில்) 15. மலாய்க்காரர்களுக்கு 22, 25. சீனர்களுக்கு 84, 87. புளோக் எண்களைக் கூட்டினால் 127 வரும். அது பிழையல்ல, இவை தனித்தனி உச்சவரம்புகள். அதனால்தான் வீடு தேர்வு செய்யும் நாள்களில் ஒரு புளோக்கில் 30 வீடு மிச்சம் என்று தெரிந்தாலும், இந்தியர் பகுதியில் பூச்சியம் நிற்கலாம். தேர்வு நடக்கும் நாள்களில் அந்த எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும். மொத்த எண்ணைப் பார்த்து ஏமாறாமல் தங்கள் இனத்துக்கான எண்ணை மட்டும் பின்தொடர வேண்டும். பிடித்த புளோக் ஒன்றோடு நிற்காமல், வெவ்வேறு புளோக்குகளில் ஐந்தாறு வீடுகளாவது பட்டியலில் இருப்பது நல்லது.

மறுவிற்பனையில் இதே விதி விற்பவரையும் பிடிக்கிறது. 2024 மே மாதம் முதல் போர்ட்டலிலேயே மறுவிற்பனை வீடுகளை இலவசமாக விளம்பரப்படுத்தலாம். சீனர் ஒதுக்கீடு நிரம்பிய புளோக்கில் உள்ள தமிழர், தம் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்குவோர் குறைவதால் விலையும் இறங்குகிறது. வாங்கும் பக்கத்தில், இந்தியர் ஒதுக்கீடு நிரம்பியிருந்தால் தமிழர் அங்கே இந்தியர் அல்லது பிற இனத்தவரிடமிருந்து மட்டுமே வாங்கலாம். இன விகிதத்தைக் காட்டும் வீவகவின் தனிச் சேவை ஒவ்வொரு மாதமும் முதல் தேதி புதுப்பிக்கப்படுகிறது. விற்பவர் வாங்குபவருக்குத் தரும் விருப்பத்தேர்வு ஆவணத்துக்கு (வீட்டை வாங்கும் உரிமை) 21 நாள் அவகாசம். 25ஆம் தேதி அதை வாங்கிக்கொண்டு மறுமாதம் மறுவிற்பனை விண்ணப்பத்தை அனுப்பினால், கணக்கில் வருவது புதிய மாதத்தின் விகிதம். விருப்பத்தேர்வுக்குக் கொடுத்த தொகை 1,000 வெள்ளிக்குள்தான் இருக்கும். அதைப் பயன்படுத்தியபின் கொடுக்கும் பணத்தையும் சேர்த்தால் முன்பணம் 5,000 வெள்ளி வரை போகலாம். ஆகவே முதல் தேதி காலையில் மீண்டும் ஒருமுறை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.