குளத்து மீன வீடு கொண்டு சேக்க ஐஸ் பெட்டியா, ஈரச்சாக்கா?

வேட்டைன்னு சொன்னா எங்க திருநெல்வேலிப் பக்கம் இன்னைக்கு அது குளத்து மீன்தான். தாத்தா காலத்து ஆளுக முயலு, கௌதாரின்னு விடிய விடிய கதை சொல்லுவாவ, அதெல்லாம் 1972 வன உயிர் பாதுகாப்புச் சட்டம் வந்தபிறகு முடிஞ்சுபோச்சு. இப்ப காட்டுப்பன்னி வந்து வயல உழுதுபோட்டுப் போனாலும் நாமளா கை வைக்கக் கூடாது. காரையாறு, சேர்வலாறு பக்கம் தூண்டியத் தூக்கிட்டுப் போற எண்ணமும் வேண்டாம், அந்தக் காடு 1988-லயே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகமா ஆயிட்டு. கூந்தன்குளம் பறவைகளுக்கு உள்ளது, அங்கயும் நமக்கு சோலி கிடையாது. மிச்சம் ஊர்க்குளம்தான், அதுவும் மீன்பாசி, அதாவது குளத்துல மீன் பிடிக்கிற உரிமை, குத்தகை எடுத்த அண்ணாச்சிகிட்ட கேட்டு, காசு குடுத்து, அவரு கைகாட்டுற இடத்துல.

எந்தத் தூண்டி, எந்த இரைன்னு ஆளாளுக்கு பேசுதாவ. பிடிச்ச மீன குளத்துக்குள்ள இருந்து வண்டிக்கும், வண்டியில இருந்து வீட்டுக்கும் கெடாம கொண்டு வர்றதப் பத்தி ஒருத்தரும் பேசக் காணோம். நான் ஐஸ் பெட்டி, ஈரச்சாக்கு ரெண்டையும் வச்சிருந்து பாத்துட்டு, இப்ப பெட்டிய மச்சானுக்குக் குடுத்துட்டு சாக்குக்கே வந்துட்டேன். அதனால இது நடுநிலையா இருக்கும்னு எதிர்பாக்காதீங்க.

முதல்ல சீசன். ஐப்பசி கார்த்திகை மழையில குளம் பெருகி, பங்குனி சித்திரையில வத்த ஆரம்பிக்கும். குத்தகைக் கணக்கு பசலி வருசம், அதாவது ஜூலையில தொடங்குற வருவாய்த்துறைக் கணக்கு வருசம், ஜூன் 30-ஓட முடியும், அதுக்குள்ள மீனக் காசாக்கணும்னு கடைசி ரெண்டு மாசம் அண்ணாச்சிமாரு வலையும் கையுமாத்தான் நிப்பாவ. நமக்கு வேட்டையும் அப்பத்தான். கரையோரம் மடைப் பக்கம் நிக்கிற தண்ணியில அவுக வலை கெடக்கும், நம்மள விடமாட்டாவ. நமக்கு உள்ளது குளத்துக்கு நடுவுல வண்டல் அள்ளுன பள்ளம். ஜேசிபி வச்சு கரம்பை அள்ளிட்டுப் போன குழியில தண்ணி கடைசி வரைக்கும் கெடக்கும், சுத்தி எல்லாம் காஞ்சபிறகு விரால், தேளி, குறவை எல்லாம் அங்கதான் வந்து அடையும். பைக்கு கரையிலதான் நிக்கணும். அந்தக் குழிக்கும் பைக்குக்கும் நடுவுல இருக்கு பாருங்க ஒரு நடை, இந்த அலசலே அதப் பத்தித்தான்.

சரி, பெட்டி என்ன செய்யும்னு எல்லாருக்கும் தெரியும். குளிர்ச்சியா வச்சிருக்கும், வண்டியில கட்டினா ஆடாது, பாக்க டீசண்டா இருக்கும். தெர்மாகோல் பெட்டி மலிவு, கனம் இல்ல, ஆனா ஓரம் பொடிஞ்சு கொட்டிக்கிட்டே இருக்கும். கெட்டி பிளாஸ்டிக் பெட்டி உழைக்கும், ஆனா வெறும் பெட்டியே ஒரு கனம். அதுக்கு மேல ஐஸ். நம்ம சூட்டுக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸாவது வேணும்னு தொழில் பண்றவுக சொல்லுதாவ, அது சரியான கணக்குதான். ஆனா யோசிச்சுப் பாருங்க, அஞ்சு கிலோ மீன் கிடைக்கும்னு நம்பி அஞ்சு கிலோ ஐஸ விடியமுன்ன வாங்கணும், எங்க போய் வாங்க? நைட்டே வாங்கி வச்சா விடியும்போது பாதி தண்ணி. மீன் கிடைச்சாலும் கிடைக்காட்டியும் போகும்போதே அந்தக் கனத்தச் சுமந்தாவணும். வேட்டைக்குப் போற ஆளு போகும்போது கை வீசிட்டுப் போகணும், வரும்போதுதான் சுமக்கணும், இது ரெண்டு பக்கமும் சுமை.

இப்ப அந்த நடைக்கு வாரேன். வத்துன குளத்துக்குள்ள மேல பாத்தா பாளம் பாளமா வெடிச்சுக் காஞ்சு கெடக்கும், மிதிச்சா மேல் ஓடு உடைஞ்சு கால் முட்டு வரைக்கும் உள்ள போவும். இழுத்து எடுக்கும்போது செருப்பு உள்ளயே நின்னுரும், அதனால வெறுங்கால். வெறுங்காலுன்னா உடமுள்ளு. குளத்துக்குள்ள கருவேலம் வச்சு காடாக்கி வச்சிருக்காவ, அதுக்கு இடையில சீமைக்கருவேலமும் தானா முளைச்சு கெடக்கும், குனிஞ்சுதான் நுழையணும். இந்த இடத்துல ரெண்டு கையாலயும் ஒரு பெட்டியப் பிடிச்சுக்கிட்டு வந்து பாருங்க. கால் எங்க வைக்கோம்னு தெரியாது, பெட்டி பார்வைய மறைக்கும். விழுந்தா ஊன்ற கை கிடையாது. தலையில சும்மாடு வச்சுத் தூக்கினா முள்ளுக் கிளை தட்டும். தோள்ல வச்சா உள்ள உருகுன தண்ணி ஒரு பக்கமா ஓடி ஆளையே சாய்க்கும். குத்தகை அண்ணாச்சி கரையில நின்னு பாத்துக்கிட்டே, "என்னவே பெட்டியத் தூக்கிட்டு வாரீரு, கல்யாண வீட்டுப் பந்திக்கா?"ன்னு கேட்டாரு, பக்கத்துல வலை உலத்திக்கிட்டு இருந்தவுக எல்லாம் ஒரே சிரிப்பு.

சாக்குன்னா வாய இறுக்கிக் கட்டி முதுகுல போட்டா முடிஞ்சு, ஒரு கை ஃப்ரீ. அந்தக் கையில ஒரு கம்பு, கம்ப முன்னால குத்திப் பாத்து சேறு எங்க ஆழம்னு தெரிஞ்சு கால வைக்கலாம். மீன் நிறைய இருந்தா ரெண்டு சாக்காக்கி கம்புல கோத்து ரெண்டு பேரு முன்னயும் பின்னயுமா தூக்கிரலாம். முதுகுல ஈரமும் கொழகொழப்பும் வடியும், அதுக்கு ஒரு உரச்சாக்க மடிச்சு கொங்காணியாப் போட்டுக்கிட்டா சட்டை தப்பிக்கும். அந்த உரச்சாக்கு முதுகுக்கு மட்டும்தான், மீனப் போட ஆகாது. பிளாஸ்டிக் சாக்குக்குள்ள சூடு ஏறி மீன் வெந்துபோவும், உர வாடையும் போவாது. மீனுக்கு சணல் சாக்குதான்.

சாக்குல கெட்டுப் போவாதான்னு கேப்பீங்க. இங்கதான் என்ன மீனுங்கறது முக்கியம். விரால், தேளி, குறவை மூணும் மேல வந்து காத்தக் குடிக்கிற சாதி. தண்ணி இல்லாட்டியும் தோலு ஈரமா இருந்தா மணிக்கணக்குல உயிரோட கெடக்கும். உயிரோட இருக்கிற மீன் எப்படிக் கெட்டுப்போவும்? அதுக்கு எதுக்கு ஐஸ்? சாக்க குளத்துத் தண்ணியில முக்கிப் பிழிஞ்சு, உள்ள கொஞ்சம் கோரையோ தாமரை இலையோ ஈரத்தோட போட்டு, மீன விட்டு, வாயக் கட்டி, வழியில ஒருதரம் ரெண்டுதரம் தண்ணி தெளிச்சா வீட்டுக்கு வந்து அவுக்கும்போது அடுப்படியில துள்ளும். ஒரே சாக்குல அமுக்கித் திணிக்கக் கூடாது, அடியில கெடக்குறது நசுங்கிச் செத்துரும். விரால் மேல இருக்கிற அந்தக் கொழகொழப்ப அங்க வச்சே வழிச்சு எடுக்கவும் கூடாது, காயாம இருக்கதுக்கு அதுதான் காவல். வீட்டுல வந்து கல்லுப்பும் சாம்பலும் போட்டு தேச்சா வந்துரும். தேளிக்கு மட்டும் தனிச் சாக்கு வச்சுக்கிடுங்க, செவுளுக்குப் பக்கத்துல உள்ள முள்ளு சாக்கத் தாண்டியும் குத்தும், அது வெசமுள்ளு, குத்தின கை சாயங்காலம் வரைக்கும் விண்ணு விண்ணுனு தெறிக்கும்.

இன்னொரு விசயம் காத்து. ஆனி மாசம் ஆரல்வாய்மொழி கணவாய் வழியாவும் செங்கோட்டை கணவாய் வழியாவும் ஒரு மேக்காத்து வரும், மழைய எல்லாம் மலைக்கு அந்தப் பக்கமே எறக்கிட்டு காஞ்ச காத்தா நம்ம பக்கம் அடிக்கும். மண்பானைத் தண்ணி குளிருற கணக்குதான், ஈரச்சாக்குல அந்தக் காத்து பட்டா ஈரம் ஆவியாகும்போது உள்ள உள்ள சூட்டையும் எடுத்துட்டுப் போவும். பைக்குல பின்னால கட்டிட்டுப் போகும்போது இன்னும் நல்லா வேலை செய்யும். நிழல்ல கட்டித் தொங்கவிடணும், வெயில்ல தரையில போட்டா ஒன்னும் நடக்காது. மழைக்காலத்துல காத்துலயே ஈரம் இருக்கிறதால இந்த வித்தை அவ்வளவா பலிக்காது, ஆனா அப்ப சூடும் அவ்வளவு இல்ல.

கட்லா, ரோகு, சிலேபி கெண்டை கிடைச்சா கதை வேற. அதுக செத்த உடனே கெட ஆரம்பிச்சிரும், அங்க சாக்கு மட்டும் போதும்னு நான் சொல்லமாட்டேன். நான் செய்யிறது, பிடிச்ச உடனே செவுளையும் குடலையும் அங்கயே எடுத்துருவேன், பித்தப்பை உடையாம பாத்துக்கிடணும், உடைஞ்சா அந்தப் பக்கம் கசக்கும். வயித்துக்குள்ள குளத்துத் தண்ணிய ஊத்திக் கழுவ மாட்டேன், கடைசி மாசத் தண்ணி என்ன லட்சணத்துல இருக்கும்னு தெரியும்லா, கொண்டுபோன குடிதண்ணியில ஒரு அலசு அலசி தனி ஈரச்சாக்குல போட்டு, ஒரு மணி நேரத்துக்குள்ள வீடு. அதுக்கு மேல ஆகும்னா ஐஸ் இல்லாம நடக்காது. மானூர் பெரியகுளத்துல பிடிச்சு பாளையங்கோட்டைக்கு வர்றதுன்னா சாக்கு தாங்கும், அதே கட்லாவ சென்னைக்கு அனுப்பணும்னா எனக்குப் பழக்கம் இல்ல, மச்சான்தான் ஐஸ் பெட்டியில போட்டு அனுப்புதான், நல்லா போய்ச் சேருதுன்னு சொல்லுதான். அப்படி அனுப்பும்போது ஐஸ உடைச்சு மீனுக்கு மேலயும் கீழயும் போடணும், உருகுற தண்ணி வெளிய போக ஓட்டை வேணும், தண்ணியில ஊறிக்கிட்டே கெடந்தா வயிறு கொழகொழன்னு ஆயிரும்.

ஐஸ் கட்டிக்குப் பதிலா வீட்டு ஃப்ரிட்ஜ்ல தண்ணி பாட்டில உறைய வச்சுக் கொண்டு போகலாம், உருகுனாலும் வெளிய சிந்தாது, தாகத்துக்கு குடிக்கவும் செய்யலாம். மீன் வாடை அடிக்கிற பாட்டில மறுபடி ஃப்ரிட்ஜ்ல வைக்கும்போது வீட்டுல என்ன நடக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

பராமரிப்பு பாத்தாலும் பெட்டிக்கு இழுவைதான். மூடிக்கு அடியில ரப்பர் இருக்குல்லா, அந்த இடுக்குல மீன் தண்ணி போய் நிக்கும், ரெண்டு நாள் கழிச்சுத் திறந்தா தெருவே திரும்பிப் பாக்கும். கழுவி, காய வச்சு, மூடியத் திறந்தே வச்சிருக்கணும், அதுக்கு வீட்டுல இடம் வேணும். தெர்மாகோல்ல வாடை ஏறிட்டா தூக்கிப் போட வேண்டியதுதான். பழைய ஐஸ் பெட்டிய விக்கலாம்னு நெனச்சா மோந்து பாத்துட்டு எவனும் வாங்கமாட்டான், அதனாலதான் மச்சானுக்கே போச்சு. சாக்க வாய்க்கால்ல அலசி வேலியில போட்டா சாயங்காலம் காஞ்சு கெடக்கும், கிழிஞ்சா வேற சாக்கு.

கேன்ல தண்ணி ஊத்தி உயிரோட கொண்டு வர்றதும் ஒரு வழி இருக்கு, அத ரெண்டு வார்த்தையில முடிச்சிருதேன். இருபது லிட்டர் கேன்னா இருபது கிலோ தண்ணி, அந்தச் சேத்துல யாரு சுமப்பா? வளக்கதுக்கு குஞ்சு கொண்டு போறவுகளுக்கு வேணும்னா சரி. அப்படிக் கொண்டு போனாலும் மூடி வரைக்கும் தண்ணி ஊத்தி மூடிராதீங்க, விராலுக்கு மேல வந்து காத்துக் குடிக்க இடம் இல்லன்னா தண்ணிக்குள்ளயே மூச்சு முட்டிச் செத்துரும். பாதி தண்ணி, மேல மூடிக்கு பதிலா வலை, போதும்.

அப்ப பெட்டி யாருக்கு? கரையிலயே வண்டிய நிறுத்தி அங்கனயே உக்காந்து தூண்டி போடுறவுக, கட்லா ரோகுன்னு மொத்தமா அண்ணாச்சிகிட்ட விலைக்கு வாங்கி வெளியூருக்கு கொண்டு போறவுக, காரு வச்சிருக்கவுக, இவுக தாராளமா வாங்கலாம். கடல் மீனுக்கும் பெட்டிதான்னு நெனக்கேன், ஆனா உவரி, இடிந்தகரை பக்கம் போனா நான் வாங்கித் திங்கிறதோட சரி, சுமந்து பழக்கம் இல்ல.

சணல் சாக்குக்கு இப்ப அலைய வேண்டியிருக்கு, அரிசி எல்லாம் பிளாஸ்டிக் பையில வருது. பழைய சாக்கு வாங்கி விக்கிற கடையில கேட்டா நெல்லுச் சாக்கு கிடைக்கும், ஓட்டை இருக்கான்னு வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்து வாங்குங்க. மண்ணெண்ணெய் வாடை, மருந்து வாடை அடிச்சா வேண்டாம். புதுசா வாங்குனத ஒரு நாள் தண்ணியில ஊறப் போட்டு, அலசிக் காய வச்சுட்டுக் கொண்டு போங்க.