'10,000 வாட்ஸ்' மைக்செட் பேசுகிறவர்களே, கவனம்

கோயில் கொடை, பள்ளி ஆண்டு விழா என்று மைக்செட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எங்கள் தெருக் கோயில் கொடையில் நடந்த பட்டிமன்றத்துக்கு "10,000 வாட்ஸ், லைன் அரே" என்று பேசி முன்பணம் வாங்கினார் ஒருவர். பெயரைப் போடவில்லை. இதே வேலையைச் செய்கிறவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள்.

வேனில் வந்து இறங்கியது பக்கத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டி. லைன் அரே என்றால் பல பெட்டிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நெருக்கமாகத் தொங்க வேண்டும். அப்போதுதான் எல்லாப் பெட்டியின் ஒலியும் ஒன்றுசேர்ந்து தூரம் போகும். இரண்டே பெட்டியில் அந்த வித்தை நடக்காது. வாட்ஸ் கணக்கோ அதைவிட மோசம். பெட்டிக்குப் பின்னால் எழுதியிருந்தது பீக் அளவு, அதாவது கண நேரத்துக்கு மட்டும் தாங்கும் உச்ச அளவு. தொடர்ந்து தாங்குவது பெரும்பாலும் அதில் கால்வாசிதான். அப்படியே நிஜமாக 10,000 இருந்தாலும், 1,000 வாட்ஸைவிடக் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்குதான் சத்தமாகத் தெரியும், பத்து மடங்கு இல்லை.

பெட்டிகளை மேடைத் தரையிலேயே, பேச்சாளர்களுக்குப் பின்னால் வைத்தார்கள். மைக் கூவ ஆரம்பித்தது. "அண்ணே, பெட்டியை மைக்குக்கு முன்னால தள்ளி, ஸ்டாண்டுல ஏத்திடுங்க" என்றேன். "தம்பி, நாங்க எத்தனை கச்சேரி பார்த்திருக்கோம்" என்று சொல்லிவிட்டு வால்யூமைக் குறைத்தார். (ஸ்டாண்டே கொண்டுவரவில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது.) முன்வரிசைப் பாட்டிகள் அப்போதும் காதைப் பொத்திக்கொண்டுதான் இருந்தார்கள், பின்னால் நின்றவர்களுக்கு நடுவரின் வாயசைவு மட்டும்தான். திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபெல் குறையும். 3 மீட்டரில் இருப்பவருக்கும் 30 மீட்டரில் இருப்பவருக்கும் 20 டெசிபெல் வித்தியாசம். பெட்டியைத் தலைக்கு மேலே உயர்த்தி, பின்வரிசையைப் பார்த்து லேசாகச் சாய்த்தால் இந்த வித்தியாசம் நன்றாகவே குறையும். முன்னால் இருப்பவர்களின் உடம்பும் ஒலியை மறைக்காது.

கூட்டம் சத்தம் போட்டதும் இன்னும் இரண்டு பெட்டியை 20 மீட்டர் தள்ளி நடுவில் வைத்து நேரடியாக வயரைச் சொருகினார். மேடைச் சத்தம் அந்தத் தூரத்தைக் கடக்க ஏறக்குறைய 58 மில்லி விநாடி ஆகும். நடுப்பெட்டியின் ஒலியை அந்த அளவு தாமதப்படுத்தாவிட்டால் (இதைத்தான் 'டிலே' என்பார்கள்) ஒவ்வொரு சொல்லும் இரண்டு தடவை விழும். விழுந்தது. அவருக்கு முன்னால் இருந்த டிஜிட்டல் மிக்ஸரிலேயே அந்த வசதி இருக்கிறது. கேட்டால், "அதுக்குத் தனி சார்ஜ்" என்றார். இந்த இழுபறியில் இரவு 10 மணி ஆகி மைக்கை நிறுத்த வேண்டியதாயிற்று, கடைசிப் பேச்சாளர் வாயே திறக்காமல் இறங்கினார். பில்லில் மட்டும் முழுத் தொகையும், நடுப்பெட்டிக்குக் கூடுதலும் தவறாமல் இருந்தன.

அட்வான்ஸ் சீட்டில் "10,000 வாட்ஸ்" என்று மொட்டையாக எழுத விடாதீர்கள். பெட்டியின் மாடல், எத்தனை பெட்டி, தொடர்ந்து தாங்கும் வாட்ஸ், ஸ்டாண்ட் உயரம், டிலே பெட்டி உண்டா, அதற்குத் தனிக் காசா என்று எழுதி வாங்குங்கள். முடிந்தால் முதல்நாளே மைதானத்துக்கு அழைத்துப்போய், பெட்டி நிற்கும் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். வர மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள்.