வயிறு பலகையாகிவிட்டது: எந்த ஸ்கோரைப் பார்ப்பது?

58 வயது ஆண் ஒருவர் கேஷுவால்டிக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அல்சர் ஓட்டை விழுந்து 30 மணி நேரம் ஆகிவிட்டது. வயிறு பலகை மாதிரி இறுகிக் கிடக்கிறது. பல்ஸ் 118, மூச்சு நிமிடத்துக்கு 24, மேல் பிபி 104, ஆக்ஸிஜன் 95, காய்ச்சல் 38.2 செல்சியஸ். தெளிவாகப் பேசுகிறார்; வேறு நோய் இல்லை. இவர் நிலை எவ்வளவு ஆபத்து என்று புள்ளி போட்டுச் சொல்லப் பல ஸ்கோர்கள் உண்டு.

பல்ஸ், மூச்சு, பிபி போன்றவற்றுக்குப் புள்ளி தரும் நியூஸ்2 கணக்கில் இவருக்கு 7. லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2017இல் திருத்தி வெளியிட்ட இந்த முறையில் 7 வந்தாலே ஓடி வர வேண்டிய கேஸ். ரத்தப் பரிசோதனைகூட வேண்டாம், நர்ஸே போட்டுவிடலாம்.

ஹாங்காங்கில் உருவான போயி ஸ்கோர் இன்னும் சுருக்கம்: ஷாக், கடும் துணைநோய், 24 மணி நேரத் தாமதம், ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. தாமதம் மட்டும் இருப்பதால் இவருக்கு 1. ஆனால் அல்சர் ஓட்டையைத் தாண்டி இது உதவாது.

ஜெர்மனியின் மான்ஹைம் பெரிட்டோனைட்டிஸ் (வயிற்று உள்சவ்வு அழற்சி) குறியீடுதான் வேடிக்கை. வயது 50க்கு மேல் 5, தாமதம் 4, பெருங்குடல் அல்லாத இடம் 4, வயிறு முழுக்கப் பரவியதற்கு 6, சீழுக்கு 6: மொத்தம் 25. பலரும் அபாயக் கோடாக வைப்பது 26. இதே நோயாளி பெண்ணாக இருந்தால் 5 கூடி 30! அதோடு, சீழா மலமா என்பது வயிற்றைத் திறந்தால்தானே தெரியும்? ஆபரேஷன் வேண்டுமா என்று யோசிக்கும் நேரத்தில் இது கைக்கு வராது.

1985இல் வந்த அபாச்சி 2, ஐசியூவின் முதல் 24 மணி நேரத்து மோசமான அளவுகளைக் கேட்கிறது. அதற்குள் ஆபரேஷனே முடிந்திருக்கும். ஐசியூக்களை ஒப்பிட நல்லது, அவ்வளவுதான்.

பி-பாசம் 12 உடல் அளவுகளையும் 6 ஆபரேஷன் விவரங்களையும் சேர்த்து, இறப்பு அபாயத்தைச் சதவீதமாகத் தரும். ரத்த இழப்பு போன்றவற்றை முன்கூட்டி ஊகித்துப் போட வேண்டும். சதவீதம் கையில் இருந்தால் குடும்பத்தாரிடம் பேசுவது எளிது. அவசர வயிற்று ஆபரேஷன்களைக் கண்காணிக்கும் இங்கிலாந்து, வேல்ஸின் நேலா தணிக்கையில் இந்த இறப்பு அபாயம் 5% தொட்டாலே மூத்த சர்ஜனும் மயக்க மருத்துவரும் உடனிருக்க வேண்டும்.

என் தேர்வு: வாசலில் நியூஸ்2, தியேட்டருக்கு முன் பி-பாசம் அல்லது நேலாவின் அபாயக் கணக்கு.

ஆனால் குடலுக்கு ரத்தம் தடைபட்டவரிடம் கவனம். ஆரம்பத்தில் வயிறு மெத்தென்றுதான் இருக்கும், நியூஸ்2 ஒன்றோ இரண்டோ காட்டும், திசுக்களுக்கு ஆக்ஸிஜன் குறைந்தால் ரத்தத்தில் ஏறும் லாக்டேட்கூட நார்மலாக வரலாம். அவரோ வலியில் கட்டிலில் புரண்டுகொண்டிருப்பார். அங்கே ஸ்கோரை ஓரமாக வைத்துவிட்டு சிடி ஸ்கேனுக்கு அனுப்புங்கள்.