'லாவெண்டர் ஹில் மாப்' ப்ளூ-ரே: படிக்கட்டுக் காட்சிக்காகவே வாங்கலாம்

22 வருஷமாக எடிட்டிங்தான் எனக்குச் சோறு போடுகிறது. 1951இல் வந்த இந்த ஆங்கில நகைச்சுவைப் படத்தை இதுவரை மங்கலான பிரதியில்தான் பார்த்திருந்தேன். இப்போது இங்கிலாந்தில் வெளியான ப்ளூ-ரேயை 2,400 ரூபாய் கொடுத்து வரவழைத்தேன்.

வாங்கக் காரணம், இயக்குநர் சார்லஸ் கிரைட்டன் எங்கள் ஜாதி: எடிட்டர். 1937இல் மைசூர் சிறுவன் சாபு நடித்த 'எலிஃபென்ட் பாய்' படத்தை வெட்டியவர் அவர்தான். மைசூரில் ஆவணப்பட இயக்குநர் ஃப்ளாஹர்ட்டி படம்பிடித்த யானைக் காட்சிகளையும், இங்கிலாந்தில் இன்னொரு இயக்குநர் ஸோல்டன் கோர்டா எடுத்ததையும் ஒரே படமாகத் தைப்பது என்ன பாடு என்று எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். அந்தக் கைதான் பிறகு லண்டனின் ஈலிங் ஸ்டூடியோவில் நகைச்சுவை எடுக்கப் போனது.

படத்தில் ஒரு வங்கிக் குமாஸ்தாவும் பொம்மை வார்க்கும் வியாபாரியும் திருட்டுத் தங்கத்தை ஈஃபில் கோபுரப் பொம்மைகளாக்கிப் பாரிஸுக்குக் கடத்துகிறார்கள். ஆறு பொம்மைகள் தவறிப்போய் இங்கிலீஷ் பள்ளிச் சிறுமிகளிடம் விலைபோய்விடுகின்றன. சிறுமிகள் லிஃப்டில் இறங்க, குமாஸ்தாவாக வரும் அலெக் கின்னஸும் வியாபாரியாக வரும் ஸ்டான்லி ஹாலோவேயும் கோபுரத்தின் சுழல் படிக்கட்டில் ஓடுகிறார்கள். சுற்றிச் சுற்றித் தலை கிறுகிறுத்து, பதற்றம் போய்ச் சிரிப்பாக மாறிவிடுகிறது. வசனத்துக்கு அங்கே வேலையே இல்லை. பழைய பிரதியில் அந்த இரும்புக் கம்பிகள் சாம்பல் குழம்பு. இதில் ஒவ்வொரு கம்பியும் தனியாகத் தெரிகிறது. டக்ளஸ் ஸ்லோகோம்பின் ஒளிப்பதிவு இவ்வளவு கூர்மையானது என்று எனக்கு இப்போதுதான் புரிந்தது. கம்பி கண்ணை வெட்டிக்கொண்டு ஓடும்போதுதான் பார்க்கிற நமக்கும் தலை சுற்றுகிறது. என் அசிஸ்டென்ட் தம்பி மூன்று தடவை ஓடவிட்டுப் பார்த்தான். ஆரம்பக் காட்சியில் ஆட்ரி ஹெப்பர்ன் சில நொடிகள் வந்துபோவதையும் அவன்தான் கண்டுபிடித்தான்.

திரைக்கதைக்காக டி.இ.பி. கிளார்க்குக்கு ஆஸ்கர் கிடைத்த படம். ஒலி சுத்தம். சப்டைட்டில் ஆங்கிலத்தில் மட்டுமே. கின்னஸின் மெல்லிய பேச்சுக்கு அது கட்டாயம் தேவை. ஒரு எச்சரிக்கை: ப்ளூ-ரே டிஸ்க்குகள் பலவும் அந்தந்த உலக மண்டலத்துப் பிளேயரில்தான் ஓடும்; இது 'பி' மண்டல டிஸ்க். இந்தியா 'சி' மண்டலம். என் வீட்டு பிளேயர் ஏற்கவில்லை. விற்றவர்கள் அதை எங்கேயும் சொல்லவில்லை, அட்டைப்பெட்டியும் மூலை உடைந்துதான் வந்தது. எல்லா மண்டலமும் ஓடும் பிளேயரை நண்பரிடம் இரவல் வாங்கினேன்.

கிரைட்டனின் கடைசிக் காலம் எனக்கு இன்னும் பெரிய விஷயம். 1965க்குப் பிறகு 23 வருஷம் தியேட்டருக்கு ஒரு படமும் இல்லை. டிவி தொடர்கள், நகைச்சுவை நடிகர் ஜான் கிளீஸின் கம்பெனிக்குப் பயிற்சிப் படங்கள். பிறகு அதே கிளீஸோடு சேர்ந்து 1988இல் 'எ ஃபிஷ் கால்ட் வாண்டா'. எழுபத்தெட்டு வயது மனிதருக்கு இயக்கத்துக்கும் திரைக்கதைக்கும் ஆஸ்கர் பரிந்துரை. இந்த இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பாருங்கள். ஒரு முகத்திலிருந்து அடுத்த முகத்துக்குத் தாவும் அந்த அரை நொடிக் கணக்கு இரண்டிலும் ஒன்றேதான்.

லண்டனின் குண்டுவீச்சு இடிபாடுகளுக்குள் பையன்களை ஓடவிட்டு அவர் எடுத்த 'ஹ்யூ அண்ட் க்ரை' (1947) படத்துக்கும் ஆர்டர் போட்டுவிட்டேன். இந்த முறை மண்டலத்தைக் கேட்டுவிட்டுத்தான்.